நடுக்காலுக்கு எதிராக ஒரு தீர்மானம்

ஜனநாயகம் எங்கே பிறந்தது என்பதில் பல சண்டைகள் உண்டு. அது இன்னும் மூச்சு விடுகிற ஒரே இடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள தங்கள் பிக்கெட்ஸ்பரி ஊர் மன்றம்தான் என்பதில் ஊர்க்குழுத் தலைவர் ஹாலிஸ் பெரினுக்குச் சந்தேகமே இல்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் ஊரே கூடிக் கை தூக்கும். சாலைக்கு உப்பு, நாய்க்கு உரிமம், தலைவருக்குப் பதவி, எல்லாம் கைக்கணக்குத்தான்.

இந்த வருஷம் பதவி ஆட்டம் கண்டிருந்தது. ஆகவே தம் 'சாதனைகளை'த் திரையில் படமாகக் காட்ட ஏற்பாடு செய்தார் ஹாலிஸ். படம் விழுந்தது, கூடவே ஒரு நிழலும் விழுந்தது. கூரையின் முக்கோணச் சட்டத்தில், உச்சியிலிருந்து உத்திரத்துக்கு இறங்கும் நடுக்கால், ஒவ்வொரு படத்திலும் தலைவரின் மூக்கை மறைத்தது.

"அறுத்து எறிங்கய்யா அதை!"

"கூரை விழுந்துரும், ஹாலிஸ்," என்றாள் வெர்னா லாஃபாம். மேப்பிள் மரச்சாற்றில் பாகு காய்ச்சுகிறவள். ஊரின் நிரந்தர எதிர்க்கட்சி.

"கால்னா தரையில நிக்கணும். இது அந்தரத்துல தொங்குது!"

"அது தொங்குறதாலதான் உத்திரம் தொய்யாம இருக்கு. சாய்வுக்கட்டைங்களும் அதுமேலதான் முட்டுக் குடுத்திருக்கு. மேல பனி வேற கிடக்கு."

"அது உன் அபிப்ராயம். சபை என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

மரம் பாரம் தாங்குகிறதா என்று மற்ற ஊர்க்காரர்கள் பொறியாளரைக் கேட்பார்களாம். பாவம், அவர்களுக்கு மக்கள்மேல் நம்பிக்கை இல்லை.

"இம்மரம் பாரம் தாங்கவில்லை என்போர் கை தூக்கலாம்," என்றார் கூட்ட நடுவர் ராய்ஸ்.

"ஒரு திருத்தம்!" பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "'பெரிய பாரம் எதுவும்'னு போடுங்க. சும்மா சொல்லக்கூடாது, சிலந்தி வலையைத் தாங்குது."

திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு, வெர்னா ஒருத்தி. யாரோ வண்டியிலிருந்து ரம்பம் கொண்டுவந்தார்கள். கால் போயிற்று, கூரை அப்படியே இருந்தது. திரையில் ஹாலிஸின் மூக்கு முழுசாக ஒளிர, கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

"பாத்தியா வெர்னா?"

"பாத்துட்டேதான் இருக்கேன். மேல."

மணி பன்னிரண்டு அடித்ததும், வழக்கப்படி, பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். ஊரே எதிரிலிருந்த தேவாலயத்துக்குச் சாப்பிடப் போயிற்று. பீன்ஸ் இன்னும் தட்டுக்கு வரவில்லை, மன்றத்துக் கூரை பனியோடு இறங்கித் திரைமேல் உட்கார்ந்தது. ஒரு உயிரும் போகவில்லை. பசி காப்பாற்றியது.

ஹாலிஸுக்குத் தெரிந்துவிட்டது: பதவி போச்சு! கூட்டம் தேவாலயத்திலேயே, பீன்ஸ் பானைகளைச் சுற்றித் தொடர்ந்தது.

"காலைல கை தூக்குனவங்க இப்பத் தூக்குங்க பாப்போம்!" என்றாள் வெர்னா.

அன்று குளிர் ஜாஸ்தி. எல்லாக் கைகளும் கோட்டுப் பைக்குள் பத்திரமாக இருந்தன.

"மறந்துபோச்சா? இப்படித்தானே தூக்குனீங்க?" வெர்னா தன் கையை உயர்த்திக் காட்டினாள்.

ஹாலிஸின் முகத்தில் ஒளி வந்தது. "எண்ணு, ராய்ஸ்!"

"அறுக்கச் சொன்னவர், ஒருவர்," என்றார் ராய்ஸ் கம்பீரமாக. "சொல்லாதவர்கள்?"

பைகளிலிருந்து கைகள் சடசடவென்று வெளியே வந்தன.

நடுக்காலை அறுத்தவள் வெர்னா என்று மாபெரும் பெரும்பான்மையால் முடிவாயிற்று. ஹாலிஸ் மறுபடியும் தலைவரானார். அதை எதிர்த்தும் ஒரு கை எழுந்தது. அதை மட்டும் யாரும் எண்ணவில்லை.