ஜலஜா இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டது பற்றி

காளிகாட், கல்கத்தா
1938, தை மாதம்

சிரஞ்சீவி பட்டாபிராமனுக்கு அக்கா காமு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே க்ஷேமம் என்று எழுத வழியில்லை. அங்கே நீயும் விஜயலக்ஷ்மியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நம் தங்கை ஜலஜா காலமானதற்கு நான் கொடுத்த தந்திக்கு உன் பதில் வந்தது. கீழ்வீட்டு வெங்கடராமன் படித்துவிட்டு, "முன்னாடியே செய்தாச்சாம், மறுபடி அவசியமில்லையாம் மாமி" என்றார். அவள் டாலிகஞ்சில் ஊமைப்படத்தில் சேர்ந்த வருஷம் நீ காவேரியில் அவளைத் தலைமுழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்தது எனக்கு மறக்கவில்லை. ஒரு தரம் முழுகினால் போதுமென்றால் நான் என்ன சொல்வது. படங்களில் அவள் பதினோரு தடவை செத்தாள். காலராவில் இரண்டு, கங்கையில் நாலு, மாமியார் கொடுமையில் மூன்று, பாம்பு கடித்து ஒன்று, யானை மிதித்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் நான் கொட்டகையிலிருந்து நேரே வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுக்களைக்குள் போனேன். "அக்கா, நான் இங்கே காப்பி குடிச்சிண்டிருக்கேனே" என்பாள். "நீ குடிடீ, எனக்குத் தீட்டு" என்பேன். கூடப்பிறந்தவள் செத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படி விளக்கேற்றுவது.

அப்புறம் படம் பேச ஆரம்பித்தது. புருஷன் சாகிற இடத்தில் இவள் தஞ்சாவூர்த் தமிழ் வாடையோடு பெங்காலியில் அழ, கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதோடு யாரும் கூப்பிடவில்லை. "இத்தனை வருஷம் பேசாம இருந்தாச்சு, இனிமே எழுதறேன்" என்று உட்கார்ந்தாள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் வாசித்துக் காட்டுவாள். கதையில் வருகிற மாமியாரெல்லாம் என் மாமியார்தான். மெட்ராஸ் பத்திரிகையில் சுப்புலக்ஷ்மி என்று பேர் போட்டு வந்தது. அந்தச் சுப்புலக்ஷ்மிக்கு நீ பத்திரிகை மூலமாகக் கடிதம் போட்டாயே, "தங்களைப் போன்ற குலஸ்திரீ எழுதுவதால்தான் எங்கள் வீட்டுப் பெண்களைப் படிக்க விடுகிறேன், சகோதரி" என்று. அவள்தான் இவள். அந்தக் கடிதம் அவள் தலையணைக்கடியில் இருந்தது. பிராணன் இழுத்துக்கொண்டிருக்கும்போது, "அண்ணா சகோதரின்னு எழுதியிருக்கான் அக்கா, நீயே படி" என்றாள். மூன்று தடவை படித்தேன்.

அவளுக்குப் புருஷனில்லை, பிள்ளையில்லை. செய்ய உரிமைப்பட்டவன் நீ ஒருத்தன்தான். பத்தாம் நாளுக்குள் மெயிலேறி வா. ஜலஜாவுக்குச் செய்ய மனசு வராவிட்டால் சுப்புலக்ஷ்மிக்குச் செய்துவிட்டுப் போ.

குழந்தைகளுக்கு என் ஆசி. நீயும் தீர்க்காயுசாக இரு.

அக்கா
காமு

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க எனக்கு ஆறு நாள் பிடித்துவிட்டது. பத்து நேற்றோடு கழிந்தது, நீ வர வேண்டாம். படங்களில் அவளுக்குப் புருஷனாக நடித்த ஹரிபத சக்கரவர்த்தி என்கிற பெங்காலிக்காரர் துக்கம் கேட்க வந்தவர், ஈர வேஷ்டியோடு உட்கார்ந்து எல்லாம் செய்தார். சாஸ்திரிகள் அவர் பூணூலைப் பார்த்துவிட்டு, "இவர் யாரம்மா?" என்றார். "அவளோட அண்ணா" என்று சொல்லிவிட்டேன். மந்திர உச்சரிப்பு ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். இங்கேயே வளர்ந்தவன் என்றேன். இனிமேல் நீ வந்து நின்றால், நீ யார் என்று சாஸ்திரிகளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.