குனியாமல் பந்து எடுக்கும் கோல்

தேவபிரசாதத்துக்கு வாய்த்த பெரிய வரம் அவருடைய இடுப்பு வலி. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. வலி அந்த மாதமே போய்விட்டது. டாக்டரின் வார்த்தையை மட்டும் அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார். மில்லர்புரம் வீட்டில் கூட்டுவதும் துடைப்பதும் மனைவி ஜெயசெல்வி தலையில் விழுந்தன. அவள் வாயைத் திறந்தால் இவர் இடுப்பில் கைவைத்து ஒரு முனகல் முனகுவார். அதற்கு மேல் எந்தப் பொண்டாட்டி பேசுவாள்?

இந்த நிம்மதிக்குள்தான் விளையாட்டு வந்து புகுந்தது. இடுப்புவலி, முட்டிவலிக்காரர்களுக்காக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்து உருட்டும் போட்டி என்று சர்ச்சில் அறிவித்தார்கள். சாமான்களை வீட்டில் கிடக்கும் பழசிலிருந்தே செய்துவர வேண்டுமாம். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்குக் கை பரபரத்தது. மிஞ்சிக் கிடந்த பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்தார், பந்து உருளச் சரிவு தயார். பந்து மோதிச் சாய்க்க, தண்ணீர் பாட்டில்களில் கடல்மணலை அடைத்து வரிசையாக நிறுத்தினார். கிழிந்த சாக்ஸெல்லாம் பந்தாயின. ஆனால் உருண்டுபோன பந்தை எடுப்பது எப்படி? நாலு பேர் முன்னால் குனிந்துவிட்டால் வரம் போய்விடும்.

ஜெயசெல்வி தானாகவே பழைய மாப் கம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் நுனியில் ஒரு பாட்டிலை அறுத்து அகப்பை மாதிரி பொருத்தப்போனார்.

“ஆணி அடிச்சிராதீய. கழத்தி மாட்டுத மாதிரி திருகு வைங்க. கழுவுததுக்கு வசதியா இருக்கும்லா.”

இத்தனை வருஷம் கழித்தாவது தன் திறமை அவளுக்குப் புரிந்ததே என்று தேவபிரசாதம் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை இவருடைய அணி ஜெயித்தது. ஆனால் கோப்பையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கோலைச் சுற்றி நின்றார்கள், முக்கியமாகப் பெண்கள். கூட்டத்திலிருந்து ஜெயசெல்வி ஒன்றுமறியாதவள் போலக் கேட்டாள்.

“இதுல எடுத்தா இடுப்பு வலிக்காதாங்க?”

“ஏளா, குனியவே வேண்டாம். நாள்பூரா எடுத்தாலும் வலிக்காது.”

பெண்கள் பலமாகக் கைதட்டினார்கள். அவர் எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் காலை காப்பிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாலின் நடுவே அவருடைய நாற்காலி. அதில் சாய்ந்திருந்தது கோல். பாட்டிலைக் கழற்றிவிட்டு அதே திருகில் விளக்குமாற்றை மாட்டியிருந்தாள். இடுப்பை நோக்கிப் போன கை பாதியிலேயே நின்றது.

“டாக்டர் பேச்ச மீற வேண்டாம். உக்காந்தே கூட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஜெயசெல்வி டிவி முன்னால் அமர்ந்தாள்.

பந்து உருட்டும் பயிற்சி என்று சொல்லித் தப்பிவிடலாம் என நினைத்து அணித் தலைவர் வில்பிரட்டுக்குப் போன் போட்டார். நெடுநேரம் கழித்து எடுத்த வில்பிரட்டுக்கு மூச்சு வாங்கியது.

“பிராக்டிஸா? நேத்து ராத்திரியே எம்பொண்டாட்டி என்னையும் அதே மாதிரி கோல் ஒண்ணு செய்ய வச்சிட்டாவே. அடுப்படியத் தொடச்சிட்டு வாரேன், போன வையும்.”