ஒத்தப் பாம்பு அண்ணனின் தொப்பி

பாம்புக்காகக் காரைக்குடியில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ‘ஒத்தப் பாம்பு’ அண்ணன்தான். ராணுவ மருத்துவப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கி ஓய்வுபெற்றவர். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தலையில் தொப்பி. அதில் இடது கண்ணுக்கு நேர் மேலே பித்தளை வில்லை; வில்லையில் ஒரு கோல், கோலைச் சுற்றி ஒரே ஒரு பாம்பு. ஒரு கல்யாணப் பந்தியில் எவனோ “தொப்பி கோணலா இருக்குண்ணே” என்று கொளுத்திப் போட, கண்ணாடி தேடி எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.

அப்போது நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அடுத்த கடை மெடிக்கல் சொக்கலிங்கம். அவர் போர்டில் றெக்கை வைத்த கோலில் இரண்டு பாம்புகள். போதாதா? தினமும் காலையில் அண்ணன் ஆஜர்.

“பாம்பு சட்டையை உரிச்சுப் புதுசாகுதுல்ல, அதுமாதிரி சீக்காளி எந்திரிக்கணும். அதுக்குத்தான் ஒத்தப் பாம்பு. ரெட்டைப் பாம்பு யாவாரிக சின்னம். அழிங்க அதை!”

“நானும் யாவாரிதானேண்ணே?” என்றார் சொக்கலிங்கம்.

அண்ணன் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். மறுநாள் நாலு பக்க ரிப்போர்ட்டோடு வந்தார். “மேற்படி நபர் மருந்தையும் விற்றுக்கொண்டு, வியாபாரிச் சின்னத்தையும் மாட்டிக்கொண்டு...” என்று ஆரம்பித்தது அது. மூன்று காப்பி எடுக்கச் சொன்னார். ஒன்று சொக்கலிங்கத்துக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று சாட்சியாக எனக்கு.

சொக்கலிங்கத்தின் மனைவி வள்ளியம்மைக்கு அந்த வில்லைமேல் வேறு மாதிரி பக்தி. ஒரு வெள்ளிக்கிழமை குங்குமச் சிமிழோடு வந்து, “நாகருக்கு ஒரு பொட்டு வச்சுக்கிறேண்ணே” என்றார். அண்ணன் குதித்தார். “இது சாமி இல்லம்மா, யூனிபாரம்! தகுதி இல்லாதவுக தொட்டாலே குத்தம்!” அதற்கும் ஒரு ரிப்போர்ட்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் கடையில் அலறல். ஓடிப் பார்த்தால், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்ட சொக்கலிங்கத்தைப் பாம்பு கடித்திருந்தது. ஊருக்கே மாத்திரை கொடுத்தவர், “என்னைய நாச்சியாபுரத்து மந்திரக்காரர்கிட்ட கொண்டு போங்க” என்று புலம்பினார். வள்ளியம்மையும் அதே பல்லவி. கூப்பிட்டு நிறுத்திய ஆட்டோக்காரரும் வண்டியை அங்குட்டே திருப்பிவிட்டார். பெரியாஸ்பத்திரி இருப்பது இங்குட்டு. 

அண்ணன் வந்தார். ஒரு கணம் பார்த்தார். பிறகு நான் கனவிலும் நினைக்காததைச் செய்தார். தொப்பியைக் கழற்றி, சொக்கலிங்கத்தின் தலையில் வைத்தார். அண்ணன் தலை வழுக்கை என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

“வள்ளியம்மை, இது யாரு?” வில்லையைத் தொட்டுக் காட்டினார்.

“நாகருண்ணே...”

“நாகரே உத்தரவு குடுத்தாச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். தொப்பி விழாம உக்காரணும். கை அசையக் கூடாது. கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரத்தைக் கழட்டுங்க. மீறுனா நாகர் கோவிச்சுக்கும்.”

மந்திரக்காரரை மறந்து வள்ளியம்மை கையெடுத்துக் கும்பிட்டார். ஆட்டோ திரும்பியது. சொக்கலிங்கம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அண்ணன் கடிபட்ட கையை ஒரு பெட்டி அட்டையில் அசையாமல் கிடத்தி ஏந்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறியது, உயிர் தங்கியது.

வீடு திரும்பிய கையோடு சொக்கலிங்கம் பெயின்டரைக் கூப்பிட்டு ஒரு பாம்பை அழித்தார். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். “சரி, றெக்கை எதுக்கு? பறந்து போயி ஊசி போடவா?”

அவர் தனியாக இருந்தபோது கேட்டேன். “அண்ணே, தகுதி இல்லாத தலையில தொப்பி. சாமின்னு பொய் வேற. ரிப்போர்ட் எழுதலையா?”

முகம் சுருங்கிவிட்டது. “குத்தந்தான் தம்பி. நான் இருக்கவரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதீக.”

சொல்லவில்லை. போன வருஷம் அண்ணன் போய்விட்டார். இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன். மேலே உட்கார்ந்து என்மேல் நாலு பக்கம் எழுதிக்கொண்டிருப்பார். எழுதட்டும். மூன்று காப்பியும் நானே எடுத்துத் தருகிறேன், அவர் வந்து கேட்டால் போதும்.