இரண்டு லோடு மணலும் ஒரு விருந்தாளியும்

இனாலாஹன்,
அக்டோபர் 14

பேரன்புள்ள தம்பி கோரோவுக்கு,

உன் அக்கா டொரொத்தேயா எழுதுவது. புனித சூசையப்பர் தயவில் நானும் என் இரண்டு முழங்கால்களும் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் சான் டியேகோவில் மகன் வீட்டில் குளிர் தாங்கி, நன்றாகச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னைப் பதினொரு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். பதினொரு முறையும் உன் மருமகள், "மாமா குளிக்கிறாரு" என்றாள். இவ்வளவு குளித்தால் ஜன்னி கண்டுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டும். எங்கள் கல்லூரிக்கு இரண்டு லோடு மணல் கொடுத்தாயே, அதை எந்தக் கரையில் அள்ளினாய்? அனுமதியில்லாமல் அள்ளியதற்கு அபராதம் வருமென்று பயப்படாதே. நான் கேட்பது எனக்காக இல்லை. என் வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; அவருக்கு ஊர் திரும்ப வேண்டும், வழி தெரியவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். நான் நம் தீவின் தென்கரைச் சமூகக் கல்லூரியில் மானிடவியலும் தொல்லியலும் படிக்கச் சேர்ந்தபோது, "அறுபத்தேழு வயசுல பழசைப் பத்திப் படிக்கப் போறியாக்கா? கண்ணாடியப் பாத்தாப் போதாதா?" என்று சிரித்தாய். நான் முப்பத்துநான்கு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் முன்னோரைப் பற்றி நான்கே வரி சொல்லிக்கொடுத்தவள். ஐந்தாவது வரியை ஒரு பிள்ளை கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அந்த ஐந்தாவது வரிக்காகத்தான் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியர் லார்சன், மினசோட்டாக்காரர், வயது முப்பதுகூட இல்லை. வெயிலில் இறால் மாதிரி சிவந்துபோவார். ஆனால் நல்ல வாத்தியார். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, பலகை அடித்து, உன் மணலைக் கொட்டி, அதற்குள் இருபது சாமான்களைப் புதைத்துவைத்தார்: கோழி எலும்பு, உடைந்த தட்டு, துருப்பிடித்த கரண்டி, பழைய பொத்தான் இப்படி. நாங்கள் நூல் கட்டிக் கட்டம் பிரித்து, கொத்தனார் கரணையும் தூரிகையும் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எது எந்தக் கட்டத்தில் கிடைத்தது என்று எழுத வேண்டும். பொருளைவிட இடம்தான் முக்கியமாம். வகுப்பில் ஒரு பென்சில் கிடக்கிறது என்று வைத்துக்கொள். எந்த பெஞ்சுக்கடியில் கிடந்தது என்று தெரிந்தால், அது யாருடையது, யார் யாரிடம் பிடுங்கியது, யார் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது வெறும் பென்சில்.

தப்பு எங்கே நடந்தது என்றால், முதல் நாள் குழியில் கால் வைக்கும்போது நடந்தது. கூடப் படிக்கும் லெஞ்சோவை உனக்குத் தெரியும், பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "டீச்சர், கேக்காம எப்படி எறங்குறது?" என்றார். காட்டுக்குள் போனாலும், ஒரு மரத்தடியில் ஒதுங்கினாலும் நாம் அங்கே இருக்கும் முன்னோரிடம் அனுமதி கேட்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம். "இது பொய்க் குழிங்க, நானே போன வாரம் வெட்டினது" என்று லார்சன் சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னோம். ஆனால் முழுசாகச் சொல்லிவிட்டோம்: "தாத்தா, பாட்டி, உங்க எடத்துல நுழையிறோம், பொறுத்துக்கங்க. நீங்க எங்க எடத்துக்கு வந்தா, கேக்காமலே உள்ள வாங்க."

அன்று இருபத்தொரு சாமான் கிடைத்தது. கூடுதலாக வந்தது ஒரு சிப்பி மணி. லார்சன் லெஞ்சோவைப் பார்த்துக் கண்ணடித்தார். இருபத்தொன்றையும் மறுபடி புதைத்தார்; அடுத்த வாரம் இருபத்திரண்டு. இந்தத் தடவை இருபுறமும் கூரான கவண்கல். "யாருங்க வெளயாடுறது?" என்று கேட்டார், சிரிப்பு பாதிதான் இருந்தது. மூன்றாம் வாரம் என் கட்டத்தில், என் தூரிகைக்கடியில், வெற்றிலைக் கறை ஏறிய ஒரு பல். நான்காம் வாரம் அந்தப் பல் பொருந்துகிற தாடை. லார்சன் மண்டியிட்டார், எழுந்திருக்கவே இல்லை. "இது நான் பொதைச்சதில்ல" என்று மெதுவாகச் சொன்னார். முறைப்படி வேலையை நிறுத்தி, துணி போர்த்தி, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். எலும்பை வைத்த பெட்டியின் சீட்டில் 'இடம்' என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூன்று முறை மூடித் திறந்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினார். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் இடம் தெரிந்தால், சாமியாரை வைத்துச் செபம் சொல்லி அதே கரையில் அடக்கம் செய்வார்கள். தெரியாவிட்டால் எண் போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். உன் பில்லில் 'ஆலை மணல்' என்று இருக்கிறது. கல்லை உடைத்துச் செய்யும் ஆலை மணலில், எங்கள் குழியில் கிடந்த மாதிரி நண்டு ஓடு இருக்குமா கோரோ?

அதற்குப் பிறகுதான் விருந்தாளி. முதலில் நீ வந்தால் உட்காரும் ஆடும் நாற்காலியில் ஈர மணல் இருந்தது. பூனை என்று நினைத்தேன். பிறகு தட்டில் பத்து பாக்கு வைத்தால் எட்டுதான் இருக்கும். சிவப்புச் சோற்றுப் பானையில் ஒரு ஆள் பங்கு குறையும். பட்டப்பகலில், நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும், என்னைப் பார்த்ததும் நின்றுவிடும். டீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பு அடங்குமே, அந்த மாதிரி. காலடித் தடங்கள் வாசலிலிருந்து உள்ளேதான் வரும், திரும்பிப் போகாது. எனக்குப் பயம்தான். ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை: தரையைக் கட்டம் பிரித்து, எங்கே எவ்வளவு மணல் என்று ஒரு வாரம் குறித்தேன். எல்லாவற்றையும்விட அதிகம் சேர்ந்தது கூடத்துச் சுவரடியில், நீ லாரிக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டோவுக்கு நேர் கீழே. அதை லார்சனிடம் காட்டினேன். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். "யாரோ ரொம்பப் பொறுமையா நின்னுருக்காங்க, மிஸஸ்" என்று சொல்லி, நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்தார்.

லெஞ்சோ ஒரு யோசனை சொன்னார். "பஸ்ல புதுசா ஏறின புள்ள எறங்குற எடம் தெரியாம பையக் கட்டிப்புடிச்சிட்டு ஒக்காந்திருக்கும் டீச்சர். நான் மெதுவா ஓட்டிட்டே போவேன். சொந்த எடம் வந்தா அதுவே எந்திரிச்சிரும்." சரியென்று சனிக்கிழமை காலை அவர் வண்டியில் முன் இருக்கையைக் காலியாக விட்டு, பெல்ட்டும் மாட்டி, ஆறு கரைக்குப் போனோம். ஒவ்வொரு கரையிலும் லெஞ்சோ கதவைத் திறந்து, "இதுவா பெரியவரே?" என்று கேட்டார். இருக்கையில் மணல் கூடிக்கொண்டேதான் போனது. யாரும் இறங்கவில்லை.

தம்பி, கோபம் கொண்ட முன்னோர் செய்வதுபோல் அவர் என்னைக் கிள்ளவில்லை, காய்ச்சல் கொடுக்கவில்லை. நல்ல வளர்ப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டால் நானும் பதிலுக்குக் கோபப்படலாம். இவர் காத்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். அவரைத் தூக்கத்தில் அள்ளி லாரியில் போட்டது நீ என்பது உனக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது தெரிந்துவிட்டது. கரையின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு, கையெழுத்துகூட வேண்டாம். முப்பதாம் தேதியை மறக்காதே.

உனக்கும், மகனுக்கும், பொய் சொல்லத் தெரியாத அந்த மருமகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தருவாராக. செபமாலையில் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா
டொரொத்தேயா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே கேட்டதை எல்லாம் விட்டுவிடு. எனக்குப் பதில் போட வேண்டாம். எழுதியதை உரக்கப் படித்துப் பிழை பார்ப்பது என் பழக்கம். நேற்று முற்பகல் கூடத்தில் நின்று முழுக் கடிதத்தையும் படித்தேன். உறைமேல் இருந்த உன் மகனின் முகவரியையும், கதவெண், தெரு, அஞ்சல் எண் விடாமல், இரண்டு முறை படித்தேன். தலை நிமிர்ந்தபோது நாற்காலி சும்மா இருந்தது. இன்று பாக்கு பத்தும் பத்தாகவே இருக்கிறது. பெருக்கினால் ஒரு துளி மணல் இல்லை. வாசற்படியில் மட்டும் ஒரே ஒரு தடம், முதல் தடவையாக வெளியே பார்த்து. 'எங்க எடம்' என்று நாங்கள் சொன்னதில் குடும்பத்தார் வீடெல்லாம் அடக்கம்தான் போலிருக்கிறது, ஆகையால் அவர் கதவைத் தட்ட மாட்டார். கரையின் பெயரை அவரிடமே சொல்லிவிடு. இந்தக் கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆகும். அவர் எதில் வருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கும்போது உன் காலடியில் மணல் நெறுநெறுத்தால், எழுந்து நின்று பேசு. வயதில் பெரியவர்.