என் சாவுக்கு வந்தவர்கள்

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில், பட்டப்பகலில், பி.காம். கடைசி செமஸ்டரில். மாலைகூட வந்தது. (நல்ல மாலைதான், சம்பங்கி.)

அந்த வருஷம் முழுக்க நான் பாதி செத்துத்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம். மூன்றாம் வருஷத்தில் கால் வைத்ததிலிருந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: "அடுத்து என்ன?" கூடப் படித்தவர்களில் ஒருத்தன் சி.ஏ. என்றான், ஒருத்தன் கனடா என்றான். எனக்கு ஒன்றுதான் நிச்சயமாகத் தெரியும். வேலை கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு அப்பாவின் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் வந்து உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

காலேஜுக்கு வந்த கம்பெனிகளில் கடைசியாக ஒன்று, என் மேல் என்ன இரக்கமோ, என்னை வீடியோ இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. மாடியில் எங்கள் வீட்டில் சிக்னல் வராது. கீழே கடைக்குள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் வரும். முதல் ரவுண்டு அங்கேதான் நடந்தது. "உங்கள் பலம் என்ன?" என்று அவர்கள் கேட்ட நேரம் பார்த்து, மீன் விற்கும் தனம் அக்கா உள்ளே வந்து, "யாராண்டடா பேசிகினு கீற? சோம்பு குடு மொதல்ல" என்று திரையில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். அப்படியும் பாஸாகிவிட்டேன்.

கடைசி ரவுண்டுக்கு முந்தின நாள் அப்பாவிடம் கெஞ்சினேன். "நாளைக்கு ஒரு மணி நேரம் கடைக்குள்ள யாரும் வராமப் பாத்துக்கோங்கப்பா."

அப்பா யோசித்தார். "ஷட்டர இறக்கிருவோம்ல," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கடை பண்டிகைக்கும் மூடியதில்லை, புயலுக்கும் மூடியதில்லை. என் அக்கா கல்யாணத்தன்றுகூடப் பாதி ஷட்டர் திறந்திருந்தது. தாத்தா தவறியபோது மூடியதோடு சரி. தெருவுக்கே இது தெரியும். (எனக்கும் தெரியும். மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.) எனக்காக ஷட்டர் இறங்கப்போகிறது என்ற நினைப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அப்பா தலைக்குக் குளித்து, நல்ல காரியமாயிற்றே என்று வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அம்மா அக்காவின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. "சத்தமே கூடாதுப்பா. யார் வந்தாலும் வாயத் தெறக்காதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர். அதுதான் வினை.

வெளியே நடந்ததை எனக்குப் பிற்பாடு பலர் நடித்தே காட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தது தனம் அக்கா.

"இன்னா அண்ணாச்சி, கட மூடிக்கீது?"

அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

அப்பா ஷட்டரைக் காட்டினார்.

"உள்ள யாரு… நம்ம முத்துவா?"

அப்பா தலையாட்டினார். முத்துதானே உள்ளே இருக்கிறான்!

தனம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் தெருவே வந்து வாசலில் நின்றது. எல்லோரும் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் பையனுக்கு வேலை கிடைக்க ஊரே வந்து வேண்டிக்கொள்கிறதே என்று அப்பாவுக்கும் அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் யாருக்காவது இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. மாலை வந்தபோதுகூட, 'கொஞ்சம் அவசரப்படுதாங்களே' என்றுதான் அப்பா நினைத்தாராம்.

உள்ளே எனக்கு ஒன்றும் தெரியாது. மேலே டை, கீழே கைலி. திரையில் இருந்த மேடம், "ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த பதில். வாயைத் திறந்தேன். வெளியே மேளம் அதிர்ந்தது.

என் தோஸ்து டில்லி காசிமேட்டிலிருந்து சாவு மேளத்தோடு வந்திறங்கியிருந்தான். ஷட்டரில் தடதடவென்று அடி. "மாமு! நேத்துகூட நல்லாத்தானடா இருந்த! என்ன வுட்டுட்டுப் பூட்டியேடா!" அதுவரை அடக்கி வைத்திருந்த தனம் அக்கா ஒப்பாரியை எடுத்துவிட்டார்.

மேடம் முகம் மாறிவிட்டது. "அங்கே யாராவது தவறிட்டாங்களா?"

"அப்படித்தான் தெரியுது மேடம்."

"யாரு?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒப்பாரியில் என் பெயர் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

"நான்தான் மேடம்."

ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். டையோடு எழுந்து வந்த பிணத்தைப் பார்த்து மேளக்காரர் ஒருவர் மேளத்தைப் போட்டுவிட்டே ஓடினார். டில்லி அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். தனம் அக்கா என் கன்னத்தில் ஒன்று விட்டார். "கலீஜ் பையா, உசுரோடதான் கீறியா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். அப்பா மட்டும் வாக்கு மாறாமல் என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டார்: "முடிஞ்சுதால?"

முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது திரையில் யாரும் இல்லை. நாலு நாள் கழித்து வந்த மெயிலில், என் எதிர்காலம் சிறக்க வாழ்த்தியிருந்தார்கள்.

வெட்கத்தில் நிஜமாகவே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் எனக்காக யார் யார் அழுவார்கள் என்று உயிரோடு இருந்தே பார்த்துவிட்டேனே, அந்தச் சந்தோஷத்தையும் மறைக்க விரும்பவில்லை. (யாருக்காகத் தினமும் தலை வாரினேனோ, அந்த எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் கடைசிவரை திறக்கவே இல்லை.)

மெயில் வந்த அன்று சாயங்காலம், மாலை வாங்கி வந்த பாபு அண்ணன் கடைக்கு வந்தார். ராயபுரத்தில் சின்னதாக ஆபீஸ் வைத்து, ஹார்பரில் சரக்கு எடுக்கிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கிறவர். "ஒரு வேலைக்காடா இவ்ளோ பேஜாரு?" என்றார். "பரீட்ச முடிஞ்சதும் நம்மாண்ட வா."

நான் அப்பாவைப் பார்த்தேன். வெல்லத்தை எடை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "போலே," என்றார்.

போனேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். ஆபீசுக்குப் புதிதாக வருகிற யாராவது, பையன் சுறுசுறுப்பாக இருக்கிறானே, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் போதும், பாபு அண்ணன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொள்வார்.

"இவன் சாவுக்குப் போயிருந்தேன்பா. வெறுங்கையோட வர மனசில்ல. இவனயே இட்டுகினு வந்துட்டேன்."