எக் பப்ஸ் விரதம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய், "காபி வேண்டாம்" என்று சொல்லித் தப்பித்து வந்த ஆள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. இப்போதுதான் குடித்தேன் என்றால், "அது அப்பங்க, இது இப்பங்க" என்பார்கள். வயிறு சரியில்லை என்றால் அதற்கென்றே சுக்குக் காபி வரும். தப்பிக்க இரண்டே வழிகள்தான். ஒன்று சர்க்கரை வியாதி, இன்னொன்று விரதம். இருபத்தாறு வயதில் எனக்குச் சர்க்கரை இல்லை. (இப்போது இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.) ஆகவே விரதம் என்று ஒரு பொய் சொன்னேன். அந்த ஒரு பொய்க்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில், ஒரு டிவி கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். புயல், வெள்ளம் என்று எந்த நாட்டில் சனங்கள் வீடிழந்தாலும் உதவப் போகும் வெளிநாட்டு நிவாரண அமைப்பு அது. போர்வை, தார்ப்பாய், குடம் எல்லாம் எங்கே நன்றாகக் கிடைக்கும், யாரிடம் வாங்கலாம் என்று யோசனை சொல்வது என் வேலை. விசிட்டிங் கார்டில் 'கொள்முதல் ஆலோசகர்' என்று போட்டிருந்தது. அம்மா சொந்தக்காரர்களிடம், "போர்வை வாங்கித் தர்ற ஆபீசு" என்பாள். அம்மா சொன்னதுதான் சரியான விளக்கம்.

அந்த வருடம் பக்கத்து நாட்டில் ஒரு புயல். கூரை பறந்துபோய்ச் சனங்கள் ஈரத்தில் கிடந்தார்கள். அவசரமாகப் போர்வை வேண்டும். வழக்கமாக வடக்கே ஒரு பெரிய கம்பெனியில்தான் வாங்குவார்கள். நான் சும்மா இருக்காமல், 'எங்கள் ஊர்த் தறியில் இதைவிட நல்ல போர்வை கிடைக்கும்' என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அப்படியானால் காட்டு என்று இங்கிரிட்டை அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு நாள். சாயங்காலத்துக்குள் மூன்று தறிக்காரர்களின் மாதிரியும் கொட்டேஷனும் கைக்கு வந்தால் ஆர்டர் எங்கள் ஊருக்கு. ஒன்று குறைந்தாலும் வடக்குக் கம்பெனிக்கே. என் பேரும் அதோடு போய்விடும்.

இங்கிரிட் நார்வேக்காரர். நாற்பத்தைந்து வயது, ஆறடி உயரம், பொய் சொல்லத் தெரியாத முகம். வெள்ளகோவிலுக்குப் போகும் வழியில் காரிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"விற்பவர்களிடம் நாம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நீயும்தான். இந்த ஊரில் மறுத்தால் தப்பாக நினைப்பார்களா?"

"அதெல்லாம் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றேன். ஆலோசகர் ஆயிற்றே.

டிரைவர் நடராஜ் அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குமுங்களா அம்மணி?"

"உங்களுக்கு இல்லீங்கண்ணா. நீங்க வாடகைக் காரு."

"அப்பச் சரிங்க" என்று நிம்மதியாக கியர் மாற்றினார்.

முதல் தறி பழனிசாமி அண்ணனுடையது. அவர் மனைவி சரசக்கா வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே இலை போட்டாயிற்று. சந்தகை, தேங்காய்ப்பால், நெய் மிதக்கும் ஒப்புட்டு.

"வாங்க வாங்க. மொதல்ல சாப்புடுங்க. போர்வை எங்கீங்க ஓடிப்போயிரப் போகுது?"

"அக்கா, நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு விரதமுங்க. பச்சத் தண்ணிகூட ஆகாதுங்க."

"அந்த வெள்ளக்கார அம்மாவுமுங்களா?"

"அவிங்களுமுங்க."

"என்ன விரதமுங்க?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. என் வெறும் கழுத்தையும் இங்கிரிட்டின் வெறும் கழுத்தையும் சரசக்கா மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாலத்துக்குங்களா?"

தலையை ஆட்டிவிட்டேன். சரசக்காவின் முகம் உருகிப்போயிற்று. இங்கிரிட்டை அடி முதல் நுனி வரை அண்ணாந்து பார்த்து, "பாவமுங்க. இத்தனை உசரத்துக்கு மாப்பிள்ளை கெடைக்கோணுமில்லீங்க?" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் இங்கிரிட்.

"உங்கள் உயரத்தைப் பாராட்டுகிறார்."

நடராஜ் அண்ணன் மட்டும் மூன்றாவது ஒப்புட்டில் இருந்தார்.

போர்வை பிரமாதம். இங்கிரிட் அதை இழுத்துப் பார்த்தார், எடை போட்டார், ஒரு மூலையைத் தண்ணீரில் முக்கிச் சாயம் போகிறதா என்று பிழிந்து பார்த்தார். கடைசியில் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நீ எழுதியது உண்மைதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டேஷன் டைப் அடிக்கப் போயிருக்கிறது, சாயங்காலம் தானே கோயமுத்தூர் கொண்டுவந்து தருவதாகப் பழனிசாமி அண்ணன் சொன்னார். நாங்கள் அடுத்த தறிக்குக் கிளம்பினோம். சரசக்கா போனைக் கையில் எடுத்தார்.

தறிக்கார வீட்டுப் பெண்களுக்குள் அப்படி ஒரு தொடர்பு இருப்பது எந்த ஆலோசகருக்கும் தெரியாது. இரண்டாவது வீட்டில் காபி தரவே இல்லை. நேராகப் பூஜை அறைக்குக் கூட்டிப்போய், அந்த வீட்டம்மா இங்கிரிட்டின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். எனக்கும் ஒன்று.

"இது பரிசா? பரிசு வாங்கக் கூடாதே" என்று பதறினார் இங்கிரிட்.

"பரிசில்லை. தறிக்குள்ளே போகிறவர்களுக்கு அடையாளம்" என்றேன். (ஒரு பொய் போதாது என்று இன்னொன்று.) அதை நம்பிய புண்ணியவதி, மூன்றாவது தறியின் வாசலில் வாட்ச்மேனிடம் கையை நீட்டிக் கயிற்றைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். அவரும் மிரண்டுபோய் சல்யூட் அடித்தார்.

மூன்றாவது வீட்டில் கூடத்தின் நடுவே, சலவை வேட்டியும் மீசையுமாக ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்கு மைத்துனராம். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு, மனைவி தவறிப்போய் சில வருடங்கள். ஏதோ வேலையாக வந்தவரை, போன் வந்ததும் நிறுத்தி வைத்து முகம் கழுவ வைத்திருந்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இங்கிரிட்டோ அவரைத் தறி மேற்பார்வையாளர் என்று எடுத்துக்கொண்டார்.

"எத்தனை வருட அனுபவம் என்று கேள்."

கேட்டேன். "பத்தொம்பது வருசம் குடும்பம் நடத்துனேனுங்க" என்றார் அவர்.

"பத்தொன்பது வருடமாம்."

"நல்லது. ஆறு மாத உத்தரவாதம் தருவாரா? குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் வெட்கப்பட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக இரண்டு கொட்டேஷன்கள் கைக்கு வந்தன. திரும்பும் வழியில் பசியில் இங்கிரிட்டின் முகம் வெளுத்துவிட்டது. காங்கேயத்தில் ஒரு பேக்கரியைப் பார்த்ததும், "இவர் நமக்குப் போர்வை விற்கவில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான். கடை வாசலில் நின்று ஆளுக்கொரு எக் பப்ஸைப் பிய்த்து வாய்க்குள் தள்ளினோம். இங்கிரிட் இரண்டாவதில் பாதி போயிருந்தபோது பழனிசாமி அண்ணனின் பழைய அம்பாசடர் வந்து நின்றது.

சரசக்கா இறங்கினார். கையில் தட்டு. திருநீறு, குங்குமம், அரை மூடித் தேங்காய்.

"அம்மணி, சிவன்மலைக்குப் போயி அந்தம்மாவுக்காக அர்ச்சனை பண்ணிப்போட்டு வாரோமுங்க. நச்சத்திரந்தான் தெரியல, சாமி பேருலயே..."

அப்போதுதான் எங்கள் கையைப் பார்த்தார். இங்கிரிட்டின் தாடையில் பப்ஸ் பொருக்கு ஒட்டியிருந்தது. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் மஞ்சள் கயிறு கட்டிய கையை ஆட்டினார். அந்தக் கையில் முட்டை தெரிந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சரசக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

"காலைல இருந்து நானும் ஒண்ணும் தின்னலீங்க அம்மணி. ரெண்டு பொம்பளைங்க என்ற ஊட்டு வாசப்படிய வெறும் வயித்தோட எறங்கிப் போனீங்க. எனக்கு எப்படீங்க சோறு எறங்கும்? எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதுன்னா, அதையே சொல்லியிருக்கலாமுங்களே."

பழனிசாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்த கொட்டேஷன் கவரைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். "ஒரு வாய்த் தண்ணிக்கே இத்தனை பொய்யின்னா, நாளைக்கு என்ற போர்வையப் பத்தி என்னென்ன சொல்லுவீங்களோ. வேண்டாமுங்க. வா சரசு, போலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்டர் போகிறதே என்று பாதி, சரசக்கா பட்டினியாக நிற்கிறாரே என்று பாதி. இங்கிரிட்டிடம் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். விரதம், கல்யாணம், கயிறு, எதையும் விடவில்லை.

"அந்த மேற்பார்வையாளர்?"

"மாப்பிள்ளை."

"அவரிடமா நான் ஆறு மாத உத்தரவாதம் கேட்டேன்?" இங்கிரிட்டின் முகம் காதுவரை சிவந்தது. பிறகு, "விற்பவர் நமக்குக் கொடுக்கக் கூடாது என்றுதானே சட்டம்? நாம் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லையே" என்றார். கையைக் கழுவிவிட்டு, கடைக்குள் போய் ஒரு தேங்காய் பன்னும் ஒரு டம்ளர் டீயும் வாங்கி வந்தார். சரசக்கா முன்னால் போய், இரண்டு கைகளாலும் நீட்டினார். அவர் சொன்னதை இந்த முறை ஒரு சொல் மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

"உங்க ஊட்டுல சாப்புடோணும்னு எனக்கு நெம்ப ஆசைங்க. ஆனா உங்க கையில தின்னுபோட்டு உங்ககிட்டயே வாங்குனா, போர்வை நல்லா இருந்துதுன்னு வாங்குனேன்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. உங்க போர்வை நெசமாலுமே நல்லா இருக்குதுங்க. ஆர்டரு முடியட்டும், நானே கேட்டு வந்து சாப்புடறேன். இப்ப நீங்க எங்கிட்டச் சாப்புடுங்க."

"இல்லீங்க, வேண்டாமுங்க, இப்பத்தான்..." என்று ஆரம்பித்த சரசக்கா பாதியில் நிறுத்தினார்.

கார்மேல் சாய்ந்து நின்ற நடராஜ் அண்ணன் பவ்வியமாகக் கேட்டார்: "என்ன விரதமுங்கக்கா?"

சரசக்கா குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பன்னை வாங்கிப் பிட்டு வாயில் போட்டார். மனைவியின் வாய் அசைவதைப் பார்த்தபிறகு பழனிசாமி அண்ணனின் கை மறுபடி சட்டைப் பைக்குப் போயிற்று. கவர் வெளியே வந்தது.

ஆர்டர் எங்கள் ஊருக்கே கிடைத்தது. போர்வை ஏற்றிய கடைசி லாரி கிளம்பிய மறுநாள், இங்கிரிட் சொன்னபடி சரசக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். எழுந்திருக்க முடியாமல் தறிப் போர்வைமேலேயே படுத்துத் தூங்கினார். அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. "அரை நாளு விரதத்துக்கே பலிச்சுப்போச்சு பாத்தீங்களா" என்றார் சரசக்கா. (பொள்ளாச்சிக்காரர் இல்லை.)

அதற்கப்புறம் என் கல்யாணம். பந்தியில் சரசக்கா முன்னால் இலை போட்டு, எல்லாம் பரிமாறியாயிற்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் விரதமுங்க" என்றார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெண் வீட்டார்மேல் என்ன கோபமோ என்று மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுத்தார்கள். நான் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து ஓடி வந்தேன்.

"என்ன விரதமுங்கக்கா?"

"எக் பப்ஸ் விரதமுங்க அம்மணி. அது வந்தாத்தான் எலையில கை வெப்பேன்."

பின்னாலிருந்து நடராஜ் அண்ணன் ஒரு பேக்கரிப் பெட்டியோடு வந்தார். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். சைவப் பந்தி என்பதால் உள்ளே இருந்தது தேங்காய் பன்தான். ஆனால் கதையை அன்றே என் மாமியார் வீட்டுக்கு முழுசாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் 'போதும்' என்றால், யாராவது பப்ஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

இப்போது எனக்கு நிஜமாகவே சர்க்கரை. போகிற வீட்டிலெல்லாம் காபி வேண்டாம் என்று முழு உண்மையைச் சொல்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. போன வாரம் சரசக்கா வீட்டில் டாக்டர் சீட்டையே எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தூரப் பிடித்து நிதானமாகப் படித்தார்.

"சரிங்க அம்மணி, சக்கரைதானுங்களே" என்று சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பப்ஸுல சக்கரை இல்லீங்களே?"