இல்லாட்டி அக்கா பிடுங்கிய வயர்

உலகத்தில் எதுவும் ஒழுங்காக நடக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நம்பாத மனுஷியைக் கண்டி முழுக்கத் தேடினாலும் எங்கள் இல்லாட்டி அக்கா ஒருவர்தான் கிடைப்பார். கைப்பையில் எப்போதும் இரண்டு குடை இருக்கும். கல்யாணத்துக்கு மட்டும் எப்படி ஒரே மாப்பிள்ளையோடு திருப்திப்பட்டார் என்பது எங்களுக்கு இன்னும் விளங்காத விஷயம்.

அப்போது பல்லேகலயில் ஒரு சின்னக் கம்பனியில் இருந்தோம். ஆள் தள்ளாமல் தானாக ஓடும் வண்டிகளைச் செய்தோம். அவற்றுக்கான மென்பொருளை நாங்கள் எழுதுவோம். சோதித்துப் பார்க்கும் இன்ஜினியர் அக்கா.

"சுவரைக் கண்டா நின்னுடும் அக்கா" என்போம்.

"இல்லாட்டி?" என்பார்.

அதுவே பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் போடுபவருக்கு மட்டும்தான் தெரியும்.

கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறும்போதே அன்றைய வில்லங்கத்தை யோசித்துக்கொண்டு வருவார். ஒருநாள் பலாக்கொட்டைகளைத் தரையில் கொட்டி, அதன்மேல் வண்டியை ஓட்டச் சொன்னார். இன்னொரு நாள் கன்னங்கரேலென்று ஒரு சேலை உடுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். வண்டியின் கண்ணான சென்சருக்குக் கறுப்புப் பிடிபடவில்லை. நேரே வந்து அவர் முழங்காலில் முட்டியது. நாங்கள் பதறிக்கொண்டு ஓடினால், அக்கா காலைத் தடவியபடி மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரிச் சிரிக்கிறார்.

"பாத்தீங்களா! இது ஆஸ்பத்திரியில நடந்திருந்தா?"

ஆஸ்பத்திரிக்குத்தான் அந்த வண்டி. சமையலறையிலிருந்து வார்டுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அது சரிவராவிட்டால் கம்பனியையே மூட வேண்டிய நிலைமை.

வண்டியைப் பார்க்கப் பெரிய டாக்டர் வந்த அன்று, காலையிலேயே மேனேஜர் கை கூப்பிவிட்டார்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் சும்மா இருங்க."

"நான் என்னத்த செய்யப் போறேன்?" என்று அக்கா கதிரையில் போய் உட்கார்ந்தார்.

சூப் பாத்திரத்தோடு வண்டி அழகாகத் திரும்பியது, வளைந்தது. டாக்டர் கேட்டார்:

"நடுவுல கோளாறு வந்தா?"

"வரவே வராது டாக்டர்!" என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து போனார். ஓடிக்கொண்டிருந்த வண்டியோடு கூடவே நடந்து, அதன் கண்ணுக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி மெல்ல வேகம் குறைந்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. சூப் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"கண்ணு தெரியலைன்னா நிக்கணும் டாக்டர். குருட்டாம்போக்குல ஓடக் கூடாது" என்றார் அக்கா. இந்த ஒன்றுக்காக மாதக்கணக்காக எங்களோடு சண்டை பிடித்தவர் அவர்.

"இப்பத்தான் எனக்கு நம்பிக்கை வருது" என்றார் டாக்டர்.

அன்றைக்கே ஒப்பந்தம் கையெழுத்தானது. மேனேஜர் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அக்கா அதைக் கடித்தபடி, "அவரு மனசு மாறிட்டா?" என்று கேட்டு மனிதரை மறுபடி கலங்கடித்தார்.

பிறகு கணவருக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்தது. அக்காவும் போய்விட்டார். அவர் இல்லாத முதல் திங்கட்கிழமை எந்த வண்டியும் பழுதாகவில்லை, யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, மேனேஜர் உட்பட எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி அவருக்குப் போன் எடுத்துவிட்டோம்.